கயலின் நெற்றியைத் துடைத்த நாள்

என் கண்ணு வசந்திக்கு,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ என் மடியில் விட்டுப்போன உன் மகள் கயலை ஆபரேஷனுக்கு அனுப்பினேன். இதயத்தில் இருக்கும் ஓட்டையை இனியும் விட்டுவைக்கக் கூடாது என்றார் டாக்டர். சென்னைக்குக் கொண்டுபோனோம்.

அன்று காலை கயலுக்குப் பழமலைநாதர் கோயில் திருநீற்றைக் குழைத்து நெற்றி நிறையப் பூசினேன். பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண்ணெழுதி, கடைசியாக நீ பொட்டு வைப்பாயே, அந்த நிதானத்தோடு.

ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ், "நெத்தியத் தொடச்சிடுங்கம்மா, ஸ்டிக்கர் ஒட்டணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஆபரேஷன் நெஞ்சுலதானம்மா? நெத்தியில என்ன வேல?"

"இவ சாமிகிட்டயே சண்ட போடுறவ, நீங்க எம்மாத்திரம்!" என்று அவளிடம் சொன்னார் என் வீட்டுக்காரர். உன் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஹார்ட்ட கொஞ்ச நேரம் நிறுத்திடுவாங்கம்மா. மிஷினுதான் ரத்தத்த ஓட்டும். அப்ப மூளைக்கு ரத்தம் சரியாப் போவுதான்னு இந்த ஸ்டிக்கர வெச்சித்தான் பாத்துக்கிட்டே இருப்பாங்க. கொறஞ்சா ஒடனே தெரிஞ்சிடும், சரிபண்ணிடுவாங்க. துண்ணூறு இருந்தா ஒட்டாதும்மா."

நான் யாரிடமும் சொல்லாத பயமே அதுதான், வசந்தி. வீட்டுக் கணக்கில் ஓரிடத்தைச் சரிக்கட்டினால் இன்னோரிடத்தில் துண்டு விழுமே. அப்படி நெஞ்சைச் சரிசெய்யப் போய்த் தலைக்குக் குறைந்துவிட்டால்? பிழைத்து வந்தும் பிள்ளைக்கு என்னைத் தெரியாமல் போனால்? உன் சிரிப்பும் வாய்த்துடுக்கும் அந்தத் தலைக்குள்தானே இருக்கின்றன. எனக்கு நீ மிச்சமிருக்கிற இடம் வேறு எது?

முந்தானையால் நானே துடைத்தேன், ஒரு கோடும் விடாமல். சாமி கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு பக்கம் பயம். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "அட, அவரே தொடைக்கத்தான்க்கா சொல்லுவாரு, சும்மா தொடச்சிவுடு!" என்று அதட்டியிருப்பாய். அந்த அதட்டலுக்கு அந்த வாசலில் எப்படி ஏங்கினேன் தெரியுமா?

ஆபரேஷன் முடிந்து, வாய்க்குழாயை எடுத்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். கயல் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். அடையாளம் தெரிகிறதா என்று அந்தக் கண்ணிலேயே தேடினேன். பிறகு மெல்லக் கையைத் தூக்கி நெற்றியைத் தடவினாள்.

"பெரிம்மா... என் துண்ணூற யாரு அழிச்சா?"

உன் குரல், வசந்தி. சண்டைக்கு வரும்போது நீ இழுக்கிற அதே இழுப்பு.

"நாந்தான்டி."

"அப்ப நீயே வெச்சிவுடு."

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். ஓடக் கூடாது என்றால் கேட்பதில்லை. நீ பொட்டு வைத்த பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, "இது எங்கம்மா செஞ்சதா?" என்று தினமும் கேட்கிறாள். அதற்கு நீ பதில் சொல்லக் கூடாதா?

நானே சொல்கிறேன். கேட்கும்போதெல்லாம் சொல்வேன், கேட்காதபோதும் சொல்வேன். அவள் தலைக்குள் உன்னைக் குறைய விடமாட்டேன்.

உன் அதட்டலுக்கு இன்னும் காது கொடுத்திருக்கும்,
உன் அக்கா, கயலின் பெரியம்மா.