அட்டவணையில் விட்டுப்போன வேலை

ஹங்கோமார்கா
31 ஜூலை 2009

அன்புள்ள காசில்டா,

ஆபீஸ் லாரி ஓட்டுநர் ஃப்ரோய்லான் செவ்வாய்தோறும் சாமான் ஏற்றி வருகிறார், வெள்ளியன்று லா பாஸுக்கு இறங்குகிறார். கோப்புப் பையோடு இந்தக் கடிதமும் உன்னிடம் வரும். இங்கே போன் பேசக் குன்றின் மேல் ஏற வேண்டும். அங்கும் காற்று பாதிப் பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறது.

பதினோரு வருஷம் இன்ஜினியர் உர்கிதியின் அறைவாசலில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் கட்டுவதற்குக் காகிதம் நகர்த்தினேன். இப்போது எட்டு வகுப்பறைப் பள்ளிக்கூடம் ஒன்று என் பொறுப்பு. வாசல் பலகையில் ‘திட்ட மேலாளர்: நிவியா அபாசா’ என்று எழுதியிருக்கிறார்கள். முதல் நாள் பார்த்துவிட்டு, யாரடா அது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டேன். நூற்று நாற்பத்து மூன்று வேலைகள். ஒவ்வொன்றுக்கும் நாள், ஆள். ஆகஸ்ட் ஆறு சுதந்திர தினம் கழிந்து, பத்தாம் தேதி அஸ்திவாரம் தோண்டுகிறோம். மழைக்கு முன் கூரை ஏற வேண்டும். செப்டம்பரில் இன்ஜினியர் முடிவு சொல்வார்: தேறினால் மேலாளர், தேறாவிட்டால் பழைய மேசை. அந்த மேசையில் இப்போது நீ இருக்கிறாய். நான் திரும்பினால் உன்னை அனுப்பிவிடுவார்கள். அதனால் இருவருக்கும் சேர்த்துத்தான் வேலை பார்க்கிறேன்.

மாலை வகுப்புக்கு நான் ஓடிய இரண்டு வருஷமும் எனக்கு வந்த போன்களை நீதான் எடுத்தாய். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்று நீ கூசாமல் புளுகியதால்தான் நான் பரீட்சை எழுதினேன். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. என் ஞானமகள் ஹிமேனாவுக்கு முத்தங்கள்.

உன்,
நிவியா

லா பாஸ்
4 ஆகஸ்ட் 2009

மேன்மைமிகு திட்ட மேலாளர் அவர்களுக்கு (பயப்படாதே, நான்தான்),

உன் நாற்காலி வலப்பக்கம் சாய்கிறது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னாயா? நீ எழுதிக்கொடுத்த அறுபத்திரண்டு குறிப்புகளும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன. இன்ஜினியருக்குச் சர்க்கரை இல்லாமல் கோகா தேநீர். பத்தரைக்குக் கறி அடைத்த ஒரு சால்த்தேஞா, உள்ளே ஆலிவ் இருக்கக் கூடாது. எல்லாம் நீ சொன்னபடியே.

எட்டு வருஷம் கீழே வரவேற்பில் நின்றவளை, "இவளால முடியும், நான் பொறுப்பு" என்று மாடிக்கு இழுத்தவள் நீ. "எங்கம்மா ரூம்ல ஜன்னல் இருக்கு" என்று ஹிமேனா பள்ளியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். மேலாளர்களுக்கும் கால் குளிரும், போட்டுக்கொள்.

நன்றியோடு,
காசில்டா

ஹங்கோமார்கா
14 ஆகஸ்ட் 2009

காசில்டா,

பத்தாம் தேதி காலை முப்பது பேர் வந்தார்கள். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். இன்று ஐந்தாம் நாள். ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை.

மேஸ்திரி எவுசேபியோவைக் கேட்டேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகத்தான் சொன்னார்: "பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படையல் வரலியேம்மா. ஆகஸ்ட்டு மாசம் அவ பசியோட வாயத் தொறந்துட்டுக் கெடப்பா. அவளுக்கு ஊட்டாமத் தோண்டுனா எங்கள்ல ஒருத்தன எடுத்துக்குவா."

"நீங்களே ஒண்ணு வாங்கி வச்சிருக்கலாமே?"

"வேல யாரோடதோ அவங்க கையால வரணும். எப்பவும் ஆபீஸ் லாரியிலதான வரும்!"

ஆமாம், வரும். அனுப்பியவள் நான். புது வேலை தொடங்கும்போதெல்லாம் மிட்டாய்த் தகடு, லாமா மிருகத்தின் கொழுப்பு, வண்ணக் கம்பளி, காய்ந்த லாமாக் கரு, கோகா இலை என்று எல்லாம் வாங்கிக் கட்டி ஃப்ரோய்லானிடம் கொடுப்பேன். அது அந்த மேசையின் வேலை. இப்போது அது உன் மேசை. நீ ஏன் அனுப்பவில்லை? லா பாஸில் பிறந்தவளுக்கு ஆகஸ்ட் என்றால் என்னவென்று தெரியாதா?

தாமதத்துக்குக் காரணம் எழுத்தில் வேண்டும் என்கிறார் இன்ஜினியர். நடந்ததை எழுதத்தான் போகிறேன்.

நிவியா

லா பாஸ்
18 ஆகஸ்ட் 2009

நிவியா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு உன் அறுபத்திரண்டு குறிப்புகளையும் படித்தேன். ஆலிவ் இருக்கிறது. இன்ஜினியர் மனைவியின் பிறந்தநாள் இருக்கிறது. படையல் இல்லை. உன் நூற்று நாற்பத்து மூன்று வேலைகளிலும் இல்லை. அதன் நகல் என்னிடம் இருக்கிறது.

ஆகஸ்ட் எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு முதல் தேதியே படைத்துவிட்டேன். ஆபீஸுக்கு யார் செய்கிறார்கள் என்பதுதான் தெரியாது. இன்ஜினியர் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். நீ ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

நடந்ததை எழுது. தற்காலிகத்தில் இருப்பவள் பெயர் அதில் வந்தால் மறுநாளே நான் வீட்டில். அது உனக்கும் தெரியும். கெஞ்ச மாட்டேன்.

படையல் லாரியில் வருகிறது. நேற்று நானே சந்தைக்குப் போய் வாங்கினேன். "நிவியாவோட ஆளா நீ? எங்க அவ, செத்துட்டாளா?" என்று கேட்டாள் கடைக்காரி. "இல்ல, பெரிய ஆளாயிட்டா" என்றேன்.

காசில்டா

ஹங்கோமார்கா
28 ஆகஸ்ட் 2009

என் காசில்டா,

போன வெள்ளிக்கிழமையும் லாரி இறங்கியது. உனக்கு எழுத எனக்கு முகமில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை நெருப்பிலிட்டுப் படைத்தோம். புகை நேராக மேலே போயிற்று. "ஏத்துக்கிட்டா" என்றார் எவுசேபியோ. மத்தியானமே தோண்டத் தொடங்கியவர்கள் இன்றுவரை நிறுத்தவில்லை, முக்கால்வாசி முடிந்துவிட்டது.

இங்கே தனியாக உட்கார்ந்து யோசித்தேன். சந்தைக்குப் போகிற வழியில் செய்கிற காரியமாகவே அதைச் செய்துவந்தேன். அது ஒரு வேலை என்று எனக்கே தோன்றவில்லை. அட்டவணை எழுதும்போது இன்ஜினியரைப் போல யோசிக்கப் பார்த்தேன். அவருக்குத் தெரியாததெல்லாம் எனக்கும் மறந்துபோயிற்று. தப்பு முழுக்க என்னுடையது. பழியை உன் தலையில் போட்டேன். அந்தக் கடிதத்தை எழுதிய கையை நினைத்தால் கூசுகிறது.

ஒட்டிய உறையில் அறிக்கை இருக்கிறது. இன்ஜினியரிடம் கொடுத்துவிடு. என்ன நடந்தாலும் நீ அனுப்பிய படையலில்தான் இந்தப் பள்ளிக்கூடம் நிற்கும். அதை நான் மறக்க மாட்டேன்.

மன்னிப்பாயா?
நிவியா

லா பாஸ்
1 செப்டம்பர் 2009

அடி நிவியா,

உறையைக் கொடுத்துவிட்டு என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கூப்பிட்டால் அப்படியே கிளம்பிவிடலாம் என்றுதான். நேற்று கூப்பிட்டார். உட்காரச் சொல்லி, உன் அறிக்கையை அவரே வாய்விட்டுப் படித்தார்.

"தாமதத்துக்குக் காரணம் திட்ட மேலாளரின் மறதி. வேறு யாரும் பொறுப்பல்ல. இதற்காக என்னை நீக்கினால் பழைய மேசையைத் திருப்பித் தர வேண்டாம். அது காசில்டா லூனாவுடையது. நான் வேறு வேலை தேடிக்கொள்வேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பதினோரு வருஷமா நான் சொன்னதாலதான் வேல ஆரம்பிக்குதுன்னு நெனச்சேன். ஏன் ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல?" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லியே, சார்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல்!

திட்டுவார் என்று பார்த்தேன். "தன் தப்ப எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்புற மேலாளர் எங்கிட்ட இதுவரைக்கும் இருந்ததில்ல. ரெண்டு ஆர்டர் டைப் பண்ணு. பிந்துன ஒம்பது நாள மழைக்குள்ள புடிக்கணும்னு அவகிட்டச் சொல்லிரு" என்றார்.

ஒன்று உனக்கு. இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடு. இன்னொன்று எனக்கு. வருஷா வருஷம் என் பெயருக்குப் பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று நானே டைப் அடித்திருக்கிறேன். நேற்று அந்தச் சொல் இல்லாமல் அடித்தேன். கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. மூன்று தாள் வீணாயிற்று.

கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், அது நியாயமான கோபம். உன்னை மன்னித்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பிழைப்புக்கு உனக்கு இருந்ததே அந்த ஒரு மேசைதான். அதையும் எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எங்கே போவதாக இருந்தாய், பைத்தியக்காரி? வீட்டில் இதைச் சொன்னதும் ஹிமேனா எழுந்து போய்த் தன் கட்டிலில் பாதியைக் காலி செய்தாள்.

உன்,
காசில்டா