முகம் காட்டாமல் கேட்ட கூலி

ஜனவரி 19
எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் சூர்யகலா எழுதுகிறாள்.

டீக்கடையில் ஒருவர் பேப்பர் படித்தார். சர்க்கார் புது விதி கொண்டுவரப் போகிறதாம். நாலு பேர் கூடிப் பேசுவதென்றால், யார் பேசுவார், என்ன பேசுவார் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெயில்.

உப்பளத்தில் முதல் உப்பு வாரிக் குவித்ததும் நாங்கள் குவியலுக்குப் பின்னால் போய், முதலாளிக்கு முதுகு காட்டி நின்று, அந்த வருஷக் கூலியைக் கத்திக் கேட்போம். யார் குரல் என்று அவரும் எட்டிப் பார்க்க மாட்டார். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எழுதிக் கொடுத்தால் ஆள் தெரிந்துவிடுமே?

ஜனவரி 27
சங்கத்து வக்கீல் சத்யப்ரியா வந்தார். அந்த விதியை எதிர்த்து ஐகோர்ட்டில் கேஸ் போட ஒருவர் பேர் வேண்டுமாம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கைநாட்டு வைத்துவிட்டேன்.

ஜனவரி 28
"ஏன் மாமா, உங்க புள்ள லாரி ஓட்டறதும் அதே முதலாளிகிட்டதானே?" என்கிறாள் சூர்யகலா. இதையும் எழுதும்மா என்றேன். எழுதினாள்.

பிப்ரவரி 10
மேஸ்திரி கலியபெருமாள் வழிமறித்தான். "இன்னா பச்சமுத்து, கோர்ட்டுக்கெல்லாம் போறியாமே! பெரிய ஆளாயிட்ட. ஆளு எடுக்கறது நான்தான், ஞாபகம் இருக்குதுல்ல?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பு நல்லா இல்ல.

பிப்ரவரி 18
இந்தக் கிழவனுக்கு ஒன்றும் தெரியாது, யாரோ கைநாட்டு வாங்கிவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்கிறதாம். நீதிபதி என்னை நேரில் வரச் சொல்லிவிட்டார். வாய் திறக்காவிட்டால் கேஸ் போய்விடும். வாய் வருமா? இத்தனை வருஷத்தில் ஒரு பெரிய மனுஷன் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்டதில்லையே!

பிப்ரவரி 21
"என்ன கேட்டு வந்திருக்கீங்க, பெரியவரே?" என்றார் நீதிபதி. நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். வேணுமென்று செய்யவில்லை — உடம்பு தானாகத் திரும்பிவிட்டது.

"யோவ், இந்தப் பக்கம் திரும்புய்யா!" கோர்ட் டவாலி அதட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சுவரைப் பார்த்தபடியே சொன்னேன்: "ஐயா, ஆளு தெரிஞ்சா வேலை போயிடும். அதான் இப்படி நின்னு கேக்கறோம். பேரு எழுதிக் குடுத்துட்டுப் பேசணும்னா எங்காளுங்க ஒருத்தரும் பேச மாட்டாங்க."

சிரிப்பு நின்றதா, எனக்குக் காது அடைத்ததா, தெரியவில்லை.

மார்ச் 3
தடை கொடுத்துவிட்டார்கள். கேஸ் முடியும்வரை அந்த விதி வராது. பேப்பரில் என் போட்டோ, முகம் பளிச்சென்று. மகனிடம் முதலாளி ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 4
ஒன்றும் சாப்பிடவில்லை.

மார்ச் 9
காலையில் கலியபெருமாள் வேலைக்குப் பேர் கூப்பிட்டான். என் பேர் வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

என்னோடு உப்பு வாருகிற மேரிசெல்வி, பாத்தியில் இறங்கியவள், கரையேறி வந்து அவன் நேர் எதிரே நின்றாள்.

"ஏன் மேஸ்திரி, பச்சமுத்து தாத்தா பேரு எங்க?"

அவன் பேர் நோட்டை மூடினான். அவள் நகரவில்லை.