ஜக்ரூ என்று கூப்பிட்டால்தான் திரும்புகிறார்

செல்ல மகள் இந்திரதேவிக்கு நிக்கேரியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், நெல் நன்றாய்ப் பிடித்திருக்கிறது, ராட்டர்டாம் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றித்தான் ஒரு வரியில் எழுத வரவில்லை. நாங்கள் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் ஆம்ஸ்டர்டாமில் வந்து பார்க்கிறேன் என்று நீ சொன்னதற்கு, வராதே என்று கத்தினேனே, அதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. ஏன் கத்தினேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

இந்திய வம்சாவளிக் குடியுரிமை அட்டையை நம் சூரினாம்காரர்களுக்கு ஆறாம் தலைமுறை வரைக்கும் தரலாம் என்று ஆனதும் அப்பா துள்ளிய துள்ளல் உனக்குத் தெரியும். இனி ஆயுசுக்கும் விசா வேண்டாம் என்று தெரு முழுக்க அட்டையைக் காட்டினார். அந்தக் காலத்தில் தோட்டக்கூலியாய்க் கப்பலேறி வந்த ஜக்ரூ தாத்தாவின் ஊரைத் தேடி, உத்தரப்பிரதேசத்தில் பலியா பக்கம் கங்கைக்கரைக்குப் போனோம். வீடு அங்கேயே இருந்தது. வீட்டுக்கு மூத்தவர் ராம்சுசித் வெளியே வந்தார். நாங்கள் ஜக்ரூவின் வம்சம் என்று அப்பா சொன்னதுமே, தண்ணீர் கொண்டுவந்த அவர் மருமகள் செம்பைக் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியவர் கோபப்படவில்லை. ஜக்ரூ காணாமல் போனபின் வருஷக்கணக்காய்க் காத்திருந்து, புல்லால் அவர் உருவம் செய்து எரித்துக் காரியமும் முடித்துவிட்டார்களாம். "நாங்க எரிச்சவனுக்குப் பொறந்தவங்க நீங்க. உள்ள வரணும்னா அவன் மறுபடி பொறக்கணும். அவனுக்குப் பதிலா நீ பொறந்துக்கோ தம்பி" என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டே சரி என்றார். உடம்பெல்லாம் நெய் பூசி, பச்சைக் குழந்தையைப் போலத் துணியில் சுற்றி, காதில் ஜக்ரூ என்று பெயர் சொன்னார்கள். பெண்கள் பிள்ளை பிறந்த வீட்டுப் பாட்டுப் பாடினார்கள், ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. துணிக்குள்ளிருந்து அப்பா அழுதார், இந்திரா, அது பெரியவர்கள் அழுகிற அழுகை இல்லை. அப்புறம் பெரியவர் என்னிடம் வந்து, மறுபடி பிறந்தவன் பெண்டாட்டிக்கு மறுபடி குங்குமம் வைக்க வேண்டும், அதுதான் முறை என்றார். நான் ஹர்தேவுக்கு வாழ்க்கைப்பட்டவள், ஜக்ரூ யாரென்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை.

அன்று மத்தியானம் வழக்கம்போல, இந்திரதேவி அப்பா, என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவே இல்லை. டில்லி விமான நிலையத்தில் அதிகாரி பெயர் கேட்டதற்கு ஜக்ரூ என்றார். அதிகாரி அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காது மந்தம் என்று பொய் சொல்லிக் கூட்டிவந்தேன். அந்த நிலையில் நீ அவரைப் பார்க்க வேண்டாமென்றுதான் கத்தினேன்.

பாராமரிபோ டாக்டர் மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார். சாப்பிடுகிறார், வயலுக்குப் போகிறார், டிராக்டரைக் கண்டால் மட்டும் ஒதுங்கி நிற்கிறார். அந்த ஊர்க்காரர்களின் பழைய பேச்சில் அவர் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது. என்னை நீங்க என்கிறார், முன்கூடத்திலேயே படுக்கிறார். போன வாரம் சுவரில் இருக்கும் உன் படத்தைக் காட்டி இது யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். நம் பெண்தான் என்றேன். ரொம்ப மரியாதையாக, "தப்பா நெனைக்காதீங்க, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்றார்.

அழுது முடித்துவிட்டேன் இந்திரா. பண்டிதரிடமும் பேசிவிட்டேன், பக்வா ஹோலிப் பண்டிகை கழிந்ததும் அவரை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன். நானே கேட்டேன். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு, உங்க வீட்டிலிருந்து யார் வருவார்கள் என்று விசாரித்தார். என்னைப் பெற்றவர்கள் இல்லை, பெண்வீட்டாராய் நிற்க உன்னை விட்டால் எனக்கு யார்? லீவு போட்டுக்கொண்டு வா. நீயும் அட்டைக்கு எழுதிப்போட்டிருக்கிறாய், வரட்டும், வேண்டாமென்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த ஊரில் யாரும் உனக்குப் பெயர் வைக்க விடாதே.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாய் இருங்கள், பகவான் கூடவே இருப்பார். ஒன்றை மட்டும் மறக்காதே: வந்து இறங்கியதும் அப்பா என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளாதே. பயந்துவிடுவார்.

உன் அம்மா,
ராஜ்மதி