ஷிஜாவுக்கான இடம்

ஜூன் 2, 2025
இவர் மிலிட்டரி கேன்டீனிலிருந்து இன்றும் ஷூ பாலிஷ் வாங்கி வந்திருக்கிறார். பட்டாளத்தை விட்டு வந்ததிலிருந்து இந்த வீட்டில் எல்லோருக்கும் ரப்பர் செருப்புதான். எதற்கு என்றேன். "நமக்க கோட்டா, டீச்சரே. விடப்பிடாது."

ஜூன் 8
ஆராதனை முடிந்து நாத்தனார் ஜெயஷீலா வந்தாள். மஸ்கட் மாப்பிள்ளையாம், ஆகஸ்டில் லீவில் வருகிறானாம், அப்போதே கல்யாணமாம். "மைனி, இப்பிடி ஒரு பையன் இனி கெடைப்பானா?" இவரும் தலையாட்டிவிட்டார். எல்.எல்.பி.க்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மகள் ஷிஜாவை யாரும் கேட்கவில்லை. பிள்ளை சாப்பிடாமல் அறைக்குள் போய்விட்டாள்.
நான் சண்டை போடலாம். போட்டால்? எதிர்த்துச் சொன்னால் என் வீட்டு ஹவில்தார் ஞானசிகாமணி இன்னும் முறுக்கிக்கொள்வார் —

ஜூன் 9
மூன்றாம் வகுப்பில், பழம் வேண்டாமென்று அடம்பிடிப்பவனிடம் நான் கெஞ்சியதே இல்லை. "சரி, பக்கத்து பெஞ்சுக்குக் கொடுக்கிறேன்" என்பேன். பழம் தோலோடு காணாமல் போகும்.

ஜூன் 10
புட்டு பரிமாறும்போது சுவரைப் பார்த்துச் சொன்னேன். "லா காலேஜில பட்டாளக்காரங்க பிள்ளைகளுக்குத் தனியா எடம் உண்டு. ஷிஜாவுக்குக் கல்யாணம் ஆயிட்டா கெடைக்காது. போகட்டும், வேலாயுதன் மகனாவது படிக்கட்டும்."
வேலாயுதன் அடுத்த வீடு. இவரோடு ஒரே ரெஜிமென்டில் இருந்தவர். இப்போது மதில் தகராறு.
இவர் தட்டைத் தள்ளிவைத்தார். "எனக்க பிள்ளைக்க எடத்துல அவனுக்க மகனா?"
"கல்யாணம்தானே முக்கியம்" என்றேன், மிகச் சாதுவாக.

ஜூன் 11
காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு, முன்னாள் பட்டாளக்காரர்களுக்கான சைனிக் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். மதியம் வந்து எனக்கே பாடம் எடுத்தார். "கல்யாணம் கழிஞ்சா கெடையாது, கேட்டியா? ஒனக்கு இதொண்ணும் அறியாது."
அறியாதுதான் என்றேன். ஷிஜா தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள்.

ஜூன் 15
தங்கையிடம் போனில் பேசினார். "பனியில நின்னது நான். அதுக்கு உள்ளத எனக்க மகள் படிச்சு எடுக்கட்டும்."
ஜெயஷீலாவின் குரல் அடுப்படிவரை கேட்டது. "ஒரு சீட்டுக்கு வேண்டி மாப்பிள்ளைய விடுவியளா அண்ணா?"
"விடுவோம்" என்றார். எனக்குத்தான் கண் கலங்கியது.

செப்டம்பர் 3
ஷிஜாவுக்கு இடம் கிடைத்தது.

டிசம்பர் 14
கோபம் தீர்ந்து ஜெயஷீலா வேறொரு வரனோடு வந்தாள். பையனுக்குக் கடைத்தெருவில் ஹார்ட்வேர் கடை. படிப்பு முடியும்வரை பையன் காத்திருப்பானாம். எனக்குப் பிடித்தது. ஷிஜா போட்டோவைப் பார்த்தாள்; திருப்பிக் கொடுக்கவில்லை.
இவர் மட்டும் அசையவில்லை. "எல்.எல்.எம்.முக்கு நமக்கு எடம் உண்டான்னு ஆபீசில கேட்டிருக்கேன். பி.எச்டி.க்கும் கேக்கணும். அதுவரை கல்யாணப் பேச்சு வேண்டாம்."
என் மாணவர் என்னை மிஞ்சிவிட்டார்.
வழியனுப்புகிற சாக்கில் கேட்வரை போய், அடுத்த ஞாயிறு பையனை நம் சர்ச்சுக்கு வரச் சொல், ஷிஜா நேரில் பார்க்கட்டும் என்று ஜெயஷீலாவின் காதில் சொல்லிவிட்டு வந்தேன்.