பெயின்ட் மேல முடுக்கின எர்த் வயர்

என்னங்க,

எஞ்சின் மாத்தினதுலேர்ந்து கார் இருமி இருமி நிக்குதுன்னு இன்ஜெக்டர், பம்ப், சென்சார் எல்லாத்தையும் கழட்டிக் கழட்டி மாட்டினீங்க. "எர்த்தைப் பாருங்க"ன்னு நான் சொன்னதுக்கு, உங்க தம்பி முன்னாடியே "நீ போய் அடுப்பைப் பாரு"ன்னீங்க.

நீங்க தூங்கும்போது நானே பார்த்தேன். பளபளன்னு பாடிக்குப் பெயின்ட் அடிச்சு, அது மேலேயே பேட்டரியோட எர்த் வயரை முடுக்கியிருக்கீங்க. பெயின்ட் வழியா கரண்ட் எப்படிங்க போகும்? கத்தியால சுரண்டிட்டு முடுக்கினேன். சாவியைத் திருப்பினதுமே பிடிச்சுக்கிச்சு, நிக்கவே இல்லை.

வண்டியைத் தேடாதீங்க, ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்.

மத்தியானம் உங்க தம்பி சாப்பிட வர்றாராம். நான் எதுவும் சமைக்கலை. அடுப்பு இருந்த இடத்துலதான் இருக்கு, போய்ப் பாருங்க.

பி.கு.: சுரண்டினதுல கத்தி மொண்ணையாயிடுச்சு. வெங்காயம் நறுக்கும்போது வழுக்கும், கை பத்திரம்.