சிரிக்காத ஆள்

பினாங்கு

அன்புள்ள செல்வநாயகிக்கு,

நீயும் மாமாவும் தைப்பிங்கில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் நின்றுவிட்டது.

ஜப்பான்காரர் அனுமதித்த பழைய பாட்டுப்படம் ஒன்று இங்கே ஓடுகிறது. புருஷனைக் கொன்றவளைப் பத்திரிகைகள் ராணியாக்கிவிடுகின்றன. ஊர்ப் பெண்கள் அவளைப் போலவே கொண்டை போடுகிறார்கள். நிருபர் பாடிக்கொண்டே பொய்ச் செய்தி எழுதியபோது கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. நான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். தினமும் ஜப்பானின் வெற்றிச் செய்திகளுக்கு அச்சுக் கோக்கிறவன் அதற்குச் சிரிக்கலாமா? யார் பார்க்கிறார்களோ!

என் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தவர் சூலியா தெருக் கடைக்காரர் மீரா சாகிப். மறுநாள் கருவாட்டுப் பொட்டலத்தோடு அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, நேத்து நான் சிரிக்கல லா. இருமல்தான். மேலிடத்துல ஒண்ணும் சொல்லிடாதீங்க.”

நான் சிரிக்காததால் என்னை உளவாளி என்று நினைத்திருக்கிறார்! இல்லை என்று சத்தியம் செய்தேன். அதைக் கேட்டு இன்னும் பயந்துபோனார். கருவாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் வாயைக் கிளறத்தான் வந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது.

சட்டை கிழிந்துவிட்டது. ஒட்டுப்போட உன் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்பு. துவைக்க வேண்டாம்.

தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அதனால் லாரி ஓட்டும் விஸ்வலிங்கத்திடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. வாசலில் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன்.

உன்
விநாசித்தம்பி

லாரி போன பிறகுதான் உறைத்தது: படம் பார்த்த அன்று விஸ்வலிங்கமும் எங்கள் வரிசையில்தான் இருந்தான். அவன் சிரித்தானா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.