இரட்டைச் சந்திர நாட்டுப் பட்டாபிஷேகம்

பூனாகலைத் தோட்டம்
3-7-1922

அன்புள்ள அப்பாவுக்கு மகள் சந்திரகாந்தி நமஸ்காரம்.

இங்கு எல்லோரும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

நீங்கள் கற்பனையாக எழுதிவரும் இரட்டைச் சந்திர நாட்டு ராஜ வம்சத்தின் புது அத்தியாயம் வந்தது. வழக்கம்போல் ஞாயிறன்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் விளக்கேற்றி எல்லோருக்கும் வாசித்தேன். பவளசேன ராஜா இறந்ததோடு அத்தியாயம் முடிந்துவிட்டது. இப்படியா அப்பா அனுப்புவது? சாவோடு வாசிப்பை நிறுத்தக் கூடாது, பட்டாபிஷேகம் வரை படித்த பிறகே விளக்கை அணைக்கலாம் என்பது இவர்கள் வழக்கம்.

பக்கத்து வீட்டுப் பெரியாயி அக்கா, "ராசா செத்துக் கெடக்குறாரு. அடுத்த ஆளுக்கு முடி சூட்டாம எப்படிம்மா அணைக்கிறது? நீ வேற நெறமாசம்" என்கிறாள். வீட்டுக்கு வீடு எண்ணெய் வாங்கி விளக்கு எரிகிறது. பட்டாபிஷேகத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள் பிரியமுள்ள
சந்திரகாந்தி

பதுளை
6-7-1922

சிரஞ்சீவி சந்திரகாந்திக்கு ஆசீர்வாதம்.

இருமல் அப்படியேதான் இருக்கிறது. கடையில் வேலை அதிகம்.

பட்டாபிஷேகம் கிடையாது. ராஜாவுக்கு ஒரே மகள் மேகவல்லி. ஓடக்காரனைக் கட்டிக்கொண்டு போனவளை அவரே விலக்கிவிட்டார். வம்சம் அவரோடு முடிந்தது. கதையைக் கதையாகக் கேட்கத் தெரியாதவர்களுக்கு ஏன் வாசிக்கிறாய்? உன்னைக் கட்டிக்கொண்ட அந்த மாரிசாமியை விளக்கை அணைக்கச் சொல். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு அந்த அதிகாரமாவது இருக்குமே.

ராமாமிர்தம்

பூனாகலைத் தோட்டம்
10-7-1922

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளை விளக்கை அணைக்கவில்லை. அவரும் எண்ணெய் ஊற்றினார்.

"மக இருக்காள்ல? அவளுக்குச் சூட்டுங்க" என்று லயமே சொன்னது. கோபிக்காதீர்கள். நேற்று வெறும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் எழுதியதுபோல நானே வாசித்தேன். மேகவல்லி ஓடமேறித் திரும்பி வந்தாள், ஜனங்கள் முடி சூட்டினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். பெரியாயி அக்கா மட்டும், "அப்பன் கையால சூட்டலியே, பாவம்" என்று அழுதாள்.

இரண்டு வருஷமாக அத்தியாயம் அத்தியாயமாக அனுப்புகிறீர்கள். எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நிறைமாதம் என்று எழுதினேன். அதற்கும் ஒரு வரி இல்லை. அம்மா இருந்தால் வந்திருப்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. உங்களைப் பார்க்க வேண்டும்.

சந்திரகாந்தி

பதுளை
13-7-1922

சௌபாக்கியவதி சந்திரகாந்திக்கு அநேக ஆசீர்வாதம்.

வெறும் தாளைப் பார்த்து என் சரித்திரத்தை வாசித்தாயா, கழுதை! உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று கடையே திறக்கவில்லை. கடைப் பையன் முத்தையா இரண்டு தடவை வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

பவளசேன ராஜா இறக்கவில்லை. அது வெறும் மூர்ச்சை. அரண்மனை வைத்தியன் அவசரப்பட்டுவிட்டான். திருத்தி எழுதிவிட்டேன். அதைத் தபாலில் போட மனமில்லை, நானே கொண்டு வருகிறேன். பயப்படாதே அம்மா. பிள்ளை பிறக்கும்வரை அங்கேயே இருப்பேன்.

ஞாயிறு காலை தெமோதரையில் ரயிலேறிப் பண்டாரவளையில் இறங்குவேன். அங்கிருந்து தோட்டத்துக்கு எனக்கு வழி தெரியாது. மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல்.

அப்பா